தடுமாறும் நிரலும் தடம் காட்டும் குறிப்பேடும்

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள். தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன் 5 என்னும் புதிய ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. புவியைச் சூழ்ந்துள்ள காந்த மண்டலத்தை ஆராய்வதற்கான நான்கு செயற்கைக் கோள்களை அது சுமந்து சென்றது. ஏறத்தாழ 40 விநாடிகளே கழிந்தன. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் ராக்கெட் திடீரெனத் திசை மாறித் திரும்பியது. காற்றின் விசையைத் தாங்க மாட்டாமல் உடைந்து, வெடித்துச் சிதறியது.

எரிபொருளில் குறையில்லை, இயந்திரத்திலும் பழுதில்லை. ஓர் எண், தனக்கென ஒதுக்கிய இடத்தில் அடங்காமற் போனதே காரணம்!

ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் கணித்துச் சொல்லும் கருவிக்குள் ஒரு சிறு கணிப்பொறி இருந்தது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஓர் அளவை, 64 பிட் வடிவத்திலிருந்து 16 பிட் முழு எண்ணாக அது மாற்ற வேண்டியிருந்தது. குறியோடு கூடிய 16 பிட் முழு எண்ணின் மேல் வரம்பு 32,767. முந்தைய ஏரியன் 4 ராக்கெட்டுக்கு எழுதிய நிரலையே இங்கும் பயன்படுத்தியிருந்தனர். புதிய ராக்கெட்டோ கிடைத்திசையில் பழையதைவிட மிக விரைவாக வேகம் பெறுவது. ஆகவே எண் வரம்பைத் தாண்டியது. நிரல், "என்னால் மேலே செல்ல இயலாது" என்று அறிவித்துவிட்டு நின்றது.

இதன் பிறகு நடந்ததுதான் நம் கட்டுரைக்கு முக்கியமானது. இத்தகைய தவறு நேர்ந்தால் அந்தக் கருவி மூன்று வேலைகளைச் செய்யுமாறு அமைத்திருந்தார்கள். தவறு நேர்ந்ததைச் செய்திக் கம்பியில் அறிவிக்க வேண்டும். தவறு நேர்ந்தபோது இருந்த நிலையை அழியாத நினைவகத்தில் எழுத வேண்டும். பிறகு நின்றுவிட வேண்டும். மூன்றையும் அது செய்தது. ஆனால் செய்திக் கம்பியில் அனுப்பிய தவறு அறிவிப்பை, ராக்கெட்டைச் செலுத்திய பெரிய கணிப்பொறி உண்மையான பயண அளவு என்று எண்ணிக்கொண்டது. இல்லாத திசை மாற்றத்தைச் சரி செய்வதற்காகப் புகைபோக்கும் குழல்களை முழுவதுமாகத் திருப்பியது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியும் உதவவில்லை. அதுவும் அதே நிரலைக் கொண்டது. 72 மில்லி விநாடிக் கால அளவுள்ள முந்தைய சுற்றிலேயே அதே காரணத்தால் நின்று போயிருந்தது.

குறிப்பேட்டில் எழுத வேண்டிய செய்தி கணக்கேட்டில் விழுந்தது, ராக்கெட் அழிந்தது. ஆயினும் குறிப்பேட்டில் எழுதிய செய்தி வீண் போகவில்லை. சதுப்பு நிலத்தில் சிதறிக் கிடந்த பொருள்களிலிருந்து அவ்விரு கருவிகளையும் தேடி எடுத்தார்கள். அழியாத நினைவகத்தில் பதிந்திருந்ததைப் படித்தார்கள். எந்த இடத்தில், என்ன தவறு, எந்த வரிசையில் நேர்ந்தது என்பது தெளிவாயிற்று. அடுத்த மாதமே விசாரணைக் குழு தன் அறிக்கையைத் தந்துவிட்டது.

நிரலில் தவறு நேரும்போது அதை எப்படிக் குறித்து வைப்பது? ஏரியன் 5-இன் நிரல் எய்டா என்னும் மொழியில் எழுதப்பட்டது. இன்று வங்கிகள் முதல் கைப்பேசிகள் வரை பரவியுள்ள ஜாவா மொழியை எடுத்துக்கொண்டு, இக்கேள்விக்கு விடை காண்போம்.

கட்டையும் குறிப்பேடும்

தவறுகளையும் நிகழ்ச்சிகளையும் எழுதி வைக்கும் கோப்பினைக் கணிப்பொறித் துறையில் "லாக்" என்பர். இந்தச் சொல்லுக்கு மரக்கட்டை என்று பொருள். கணிப்பொறிக்கும் கட்டைக்கும் என்ன தொடர்பு?

பாய்மரக் கப்பல்களின் காலத்தில், கப்பலின் வேகத்தை அளக்க மாலுமிகள் ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்தனர். மரத்துண்டு நீரில் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும்; கப்பல் நகர நகரக் கயிறு அவிழும். கயிற்றில் சம தூரங்களில் முடிச்சுகள் உண்டு. மணல் கடிகாரத்தில் 28 விநாடிகள் கழிவதற்குள் எத்தனை முடிச்சுகள் சென்றன என்று எண்ணுவார்கள். முடிச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 47 அடி 3 அங்குலம், அதாவது 14.4 மீட்டர். இதை 28-ஆல் வகுத்துப் பாருங்கள். விநாடிக்கு 0.514 மீட்டர் என்று வரும். மணிக்கு 1,852 மீட்டர், அதாவது ஒரு கடல் மைல் வேகம் என்பதும் இதுவே. கடல் வேகத்தை இன்றும் "நாட்" எனக் குறிப்பது இந்த முடிச்சுகளால்தான்.

கட்டையால் அளந்த வேகத்தை எழுதிய ஏடு "லாக் புத்தகம்" ஆயிற்று. பிறகு காற்றின் திசை, புயல், பழுது என்று கப்பலில் நிகழ்ந்த யாவும் அதில் இடம் பெற்றன. கணிப்பொறிகள் வந்தபோது அவற்றுக்கும் இத்தகைய ஏடு வைத்தார்கள். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் மார்க் 2 கணிப்பொறியின் ரிலே ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்து, ஏட்டிலேயே ஒட்டி, பக்கத்தில் குறிப்பும் எழுதினார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவில் பாதுகாக்கப்படுகிறது. நேரம், இடம், சான்று மூன்றும் அதில் உள்ளன. நல்ல குறிப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எறிதலும் பிடித்தலும்

ஜாவா மொழியை 1995-ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. இதில் ஒரு நிரல் பல செயற்கூறுகளால் ஆனது. ஒன்று மற்றொன்றை அழைக்கும். அது வேறொன்றை அழைக்கும். தலைமையாசிரியர் வகுப்பாசிரியரிடம் ஒரு வேலையைச் சொல்ல, அவர் அதில் ஒரு பகுதியை மாணவர் தலைவனிடம் ஒப்படைப்பது போன்றது இது.

ஒரு செயற்கூறு தன் வேலையைச் செய்ய முடியாத நிலை வந்தால், அது ஒரு விதிவிலக்கை "எறியும்". ஆங்கிலத்தில் இதை எக்செப்ஷன் என்பர். மாணவர் தலைவனால் முடியாதது வகுப்பாசிரியருக்குப் போகும். அவராலும் முடியாதது தலைமையாசிரியருக்குப் போகும். அதைப் போலவே, எறிந்த விதிவிலக்கு அழைத்தவரிடம், பிறகு அவரை அழைத்தவரிடம் என மேலே மேலே செல்லும். வழியில் எங்கேனும் அதைப் "பிடிப்பதற்கு" ஏற்பாடு இருந்தால் அங்கே நிற்கும். எவரும் பிடிக்காவிட்டால், அந்த வேலை அத்துடன் நின்றுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பள்ளியில் 240 மாணவர்களின் இயற்பியல் மதிப்பெண்களை ஒரு கோப்பில் தட்டெழுதி வைத்திருக்கிறார்கள். நிரல் அதைப் படித்துத் தேர்ச்சிப் பட்டியல் தயாரிக்க வேண்டும். 137-ஆவது வரிசையில் 80 என்று இருக்க வேண்டும். தட்டெழுதியவர் பூஜ்யத்துக்குப் பதிலாக, அதே உருவமுள்ள "ஓ" என்னும் ஆங்கில எழுத்தைத் தட்டிவிட்டார். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். ஆனால் கணிப்பொறிக்கு அது எண் அன்று. எழுத்தை எண்ணாக மாற்றும் செயற்கூறு, "எண் வடிவ விதிவிலக்கு" ஒன்றை எறிகிறது.

இனி என்ன செய்வது என்பது நிரல் எழுதியவரின் கையில் இருக்கிறது.

முதல் விதி: விழுங்காதீர்கள்

விதிவிலக்கைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது மிகவும் கேடானது. ஜாவாவில் பிடிக்கும் பகுதியை வெறுமையாக விட்டாலும் நிரல் ஓடும். எவ்விதக் கூச்சலும் இராது. ஆனால் நம் எடுத்துக்காட்டில் என்ன ஆகும்? மதிப்பெண்ணைச் சேமிக்கும் இடத்தில் 136-ஆவது மாணவரின் மதிப்பெண் இன்னும் அப்படியே இருக்கலாம். அது 34 என்று கொள்வோம். 137-ஆவது மாணவி 80 பெற்றவர். மாற்றம் நடைபெறாததால் பழைய 34 அவர் பெயருக்கு எதிரில் ஏறிவிடும். அவர் தோல்வியுற்றதாகப் பட்டியல் சொல்லும். நிரல் நின்று போயிருந்தால் கூட யாரேனும் கவனித்திருப்பார்கள். இப்போது பட்டியல் முழுமையாக இருக்கிறது. ஆனால் பொய்யாக இருக்கிறது.

இது கற்பனையான அச்சம் அன்று. கனடாவின் டொராண்டோ பல்கலைக் கழக ஆய்வாளர்கள் 2014-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். பல கணிப்பொறிகள் சேர்ந்து இயங்கும் ஐந்து பெரிய மென்பொருள் அமைப்புகளில் ஏற்பட்ட 198 பழுதுகளை அவர்கள் ஆராய்ந்தனர். இந்த ஐந்தில் நான்கு ஜாவாவில் எழுதியவை. பெரும் சேதம் விளைவித்த பழுதுகளில் 92 விழுக்காடு எப்படி ஏற்பட்டன தெரியுமா? நிரல் ஒரு தவறை வெளிப்படையாக அறிவித்தது. அதைக் கையாள வேண்டிய பகுதி சரியாகக் கையாளவில்லை. தொடக்கத்தில் அந்தத் தவறு சிறியதே, கையாளாமையால் பெரிதாயிற்று. பெரும் பழுதுகளில் 35 விழுக்காடு மிக எளிய பிசகுகளால் நேர்ந்தவை. கையாளும் பகுதி வெறுமையாக இருந்தது, குறிப்பு மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருந்தது, "பின்னர் எழுத வேண்டும்" என்ற நினைவூட்டல் அப்படியே கிடந்தது என்பன போன்றவை அவை.

"குறிப்பு மட்டும் எழுதிவிட்டு" என்பதைக் கவனியுங்கள். குறிப்பு எழுதுவது வேறு. தவறைக் கையாளுவது வேறு. காய்ச்சல் 39 பாகை என்று அட்டவணையில் எழுதினால் மட்டும் நோயாளிக்குக் குணமாகிவிடாது. 137-ஆவது வரிசையை "சரிபார்க்க வேண்டியது" எனத் தனியே ஒதுக்குவது கையாளுதல். ஏன் ஒதுக்கினோம் என்று எழுதுவது குறிப்பு. இரண்டும் வேண்டும்.

இரண்டாம் விதி: சூழ்நிலையையும் எழுதுங்கள்

பல நிரல்களின் குறிப்பேட்டில் இப்படி ஒரு வரியைக் காணலாம்:

*பிழை நேர்ந்தது.*

எந்தப் பிழை, எங்கே, எப்போது? ஒன்றும் தெரியாது. இதையே இப்படி எழுதலாம்:

*2025-03-14 10:42:07 +05:30 | பிழை | மதிப்பெண் கோப்பு, வரிசை 137, இயற்பியல்: "8ஓ" என்பதை எண்ணாக மாற்ற இயலவில்லை, இவ்வரிசை சரிபார்ப்புக்கு ஒதுக்கப்பட்டது.*

இந்த ஒரு வரியைப் படித்தவர், நிரலைத் திறந்து பாராமலே கோப்பைத் திருத்திவிட முடியும். இயற்பியல் ஆய்வகத்தில் நாங்கள் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்வது இதுதான்: நீளம் 24 என்று எழுதாதே, 24 சென்டிமீட்டர் என்று எழுது, எந்தக் கருவியால் அளந்தாய் என்றும் எழுது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் உங்கள் ஏட்டைப் படித்து அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். நிரலின் குறிப்பேட்டுக்கும் அளவுகோல் அதுவே.

நேரத்தோடு "+05:30" என்று ஏன் எழுதினோம்? இந்திய நேரம், உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. ஒரே வேலையைச் சென்னையிலுள்ள கணிப்பொறியும் இலண்டனிலுள்ள கணிப்பொறியும் பகிர்ந்து செய்யலாம். இரண்டின் குறிப்பேடுகளையும் ஒப்பிடும்போது, எந்த ஊர் நேரம் என்று தெரியாவிட்டால் எது முந்தி, எது பிந்தி என்பதே குழம்பிவிடும். எது முந்தி என்று தெரியாமல் எது காரணம், எது விளைவு என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம் விதி: தடத்தை அறுக்காதீர்கள்

ஒவ்வொரு ஜாவா விதிவிலக்கும் தன்னோடு ஒரு தடத்தைச் சுமந்து வரும். யார் யாரை அழைத்து, எந்த வரியில் தவறு நேர்ந்தது என்ற பட்டியல் அது. ஸ்டாக் டிரேஸ் என்று அதற்குப் பெயர்; அடுக்குத் தடம் எனலாம். நம் எடுத்துக்காட்டில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

*எண் வடிவ விதிவிலக்கு: உள்ளீடு "8ஓ"*
*— எண்ணாக மாற்று, வரி 58*
*— வரிசையைப் படி, வரி 41*
*— கோப்பைப் படி, வரி 23*
*— தொடக்கம், வரி 9*

இதை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். தவறு நேர்ந்த இடம் மேலே. அதற்கு வழிவகுத்த அழைப்புகள் வரிசையாகக் கீழே. உண்மையான தடத்தில் ஜாவா நூலகத்தின் செயற்கூறுகள் முதலில் வரும். அவற்றைக் கண்டு மிரளாமல், உங்கள் நிரலின் பெயர் முதன்முதலாக எங்கே வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் விடை இருக்கும்.

புதிதாக நிரல் எழுதுவோர் பலர் விதிவிலக்கின் செய்தியை மட்டும் குறிப்பேட்டுக்கு அனுப்புவர், தடம் போய்விடும். சில விதிவிலக்குகளில் செய்தியே இராது. அப்போது குறிப்பேட்டில் "நல்" என்ற ஒற்றைச் சொல்தான் மிஞ்சும். ஆங்கிலத்தில் அதற்கு "ஒன்றுமில்லை" என்று பொருள்; பொருத்தமான பெயர்தான்! ஆகவே செய்தியை மட்டும் எடுத்துத் தராமல், விதிவிலக்கு முழுவதையும் லாகர் என்னும் குறிப்பெழுதும் கருவியிடம் ஒப்படைக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கீழே எழுந்த விதிவிலக்கைப் பிடித்து, மேலே உள்ளவர்களுக்குப் புரியும்படி வேறொரு விதிவிலக்காக மாற்றி எறிவது வழக்கம். "எண் வடிவம் தவறு" என்பதைவிடத் "தேர்ச்சிப் பட்டியல் தயாரிக்க இயலவில்லை" என்பது மேலே இருப்பவருக்குப் பொருள்படும். அப்படி மாற்றும்போது பழையதைத் தூக்கி எறியாமல், "இதற்குக் காரணம் அது" என்று புதியதோடு சேர்த்துக் கட்ட வேண்டும். 2002-இல் வந்த ஜாவா 1.4 இதற்கு வழி செய்தது. தடத்தைப் படிக்கும்போது "இதனால் விளைந்தது" என்று பொருள்படும் பகுதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அவற்றுள் கடைசியில் இருப்பதே மூல காரணம். நோய்க்கு மருந்து அங்கே தேட வேண்டும். மேலே தெரிவது அறிகுறி மட்டுமே.

நான்காம் விதி: ஒரு தவறு, ஒரு குறிப்பு

சிலர் மிகுந்த கவனத்தோடு ஒவ்வொரு நிலையிலும் விதிவிலக்கைப் பிடித்து, குறிப்பு எழுதி, மறுபடி மேலே எறிவர். ஒரே தவறு நான்கு முறை எழுதப்படும். படிப்பவர் நான்கு தவறுகள் நேர்ந்தன என்று நினைப்பார். ஒரு தெருவிபத்தைக் கண்ட நான்கு பேர் தனித்தனியே புகார் எழுதினால் நான்கு விபத்துகள் ஆகிவிடுமா?

ஆகவே இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். தவறைக் கையாள முடியும் இடமானால் பிடித்து, கையாண்டு, அங்கே குறிப்பு எழுதுங்கள். கையாள முடியாத இடமானால், வேண்டிய விவரங்களைச் சேர்த்து மேலே அனுப்பிவிடுங்கள்; குறிப்பு எழுதும் பொறுப்பு மேலே இருப்பவருடையது.

ஐந்தாம் விதி: தரம் பிரியுங்கள்

குறிப்புகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. ஜாவாவோடு சேர்ந்தே வரும் குறிப்புக் கருவியில் ஏழு தரங்கள் உண்டு. நடைமுறையில் நான்கைப் புரிந்துகொண்டால் போதும். உடனே ஒருவர் எழுந்து வந்து கவனிக்க வேண்டியது "பிழை". இப்போது சமாளித்துவிட்டோம், ஆனால் கவனம் தேவை என்பது "எச்சரிக்கை". "240 வரிசைகள் படிக்கப்பட்டன" என்பது போன்றது "தகவல்". நிரலைச் சோதிப்பவர் மட்டும் பார்க்க வேண்டிய நுண்விவரம் கடைசித் தரம்.

எல்லாவற்றையும் "பிழை" என்று எழுதினால், புலி வருது புலி வருது என்று கூவிய சிறுவன் கதையாகிவிடும். உண்மையான பிழை வரும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அளவும் முக்கியம். ஒரு தடத்தில் 40 வரிகள், வரிக்கு 100 பைட் என்று கொள்வோம். ஒரு தவறுக்கு 4,000 பைட். விநாடிக்கு 100 முறை அது நேர்ந்தால் 4 இலட்சம் பைட். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள், பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 3,456 கோடி பைட், அதாவது சுமார் 35 கிகாபைட்! வட்டு நிரம்பி, குறிப்பேட்டின் சுமையாலேயே நிரல் நின்று போகும். இதைத் தவிர்க்க, ஏடு ஓர் அளவை எட்டியதும் புதிய ஏட்டைத் தொடங்கி, மிகப் பழையதை நீக்குமாறு கருவிக்குக் கட்டளையிடலாம்.

ஆறாம் விதி: எழுதக் கூடாததும் உண்டு

குறிப்பேட்டைப் பலர் படிப்பார்கள். ஆகவே கடவுச்சொல், வங்கி அட்டை எண், நோயாளியின் விவரம் போன்றவை அதில் இடம் பெறக் கூடாது. 2018-ஆம் ஆண்டு மே மாதம், அப்போது டுவிட்டர் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம், பயனர்களின் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமலே தன் உள் குறிப்பேட்டில் பதிந்து வந்ததைக் கண்டறிந்தது. களவு போனதற்கு அடையாளம் இல்லை என்றாலும், கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு 33 கோடி அளவிலான பயனர்களுக்கு அறிவுரை கூற நேர்ந்தது.

வெளியார் தரும் சொற்களை எழுதும்போதும் எச்சரிக்கை வேண்டும். லாக்4ஜே என்பது ஜாவா நிரல்களில் மிகப் பரவலாகப் பயன்படும் குறிப்புக் கருவி. எழுத வேண்டிய செய்தியில் ஒரு குறிப்பிட்ட வடிவிலான சொற்கள் இருந்தால், அதை வெறும் எழுத்தாகக் கொள்ளாமல் கட்டளையாகக் கொண்டு, தொலைவிலுள்ள கணிப்பொறியிலிருந்து நிரலை வரவழைத்து இயக்கும் குறை அதில் இருந்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இது வெளியாயிற்று. தீயவன் ஒருவன் தன் பெயரைத் தட்டெழுதும் கட்டத்தில் அந்தச் சொற்களை எழுதினால் போதும். நிரல் அதைக் குறித்து வைக்கும் அந்த நொடியிலேயே அவன் உள்ளே நுழைந்துவிடலாம். ஆபத்தின் அளவை 10-க்கு 10 என்று மதிப்பிட்டார்கள். உலகெங்கும் நிரலாளர்கள் இரவு பகலாகப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டியதாயிற்று. குறிப்பேடு காவலன், ஆனால் காவலனுக்கும் காவல் தேவைப்படுகிறது.

ஏழாம் விதி: கணக்கேடு வேறு, குறிப்பேடு வேறு

ஏரியன் 5-க்குத் திரும்புவோம். தவறு அறிவிப்பு, அளவுகள் செல்லும் அதே கம்பியில் சென்றது. பெற்றுக்கொண்ட கணிப்பொறியால் வேறுபடுத்த இயலவில்லை. உங்கள் ஜாவா நிரலிலும் இது நேரலாம். விடைகளை அச்சிடும் அதே வழியில் தவறுச் செய்திகளையும் அச்சிட்டால், அந்த விடைகளைப் படிக்கும் அடுத்த நிரல் இரண்டையும் கலந்து படிக்கும். தேர்ச்சிப் பட்டியலின் நடுவே ஒரு பிழைச் செய்தி மாணவர் பெயராகப் பதிவாவதை எண்ணிப் பாருங்கள்! ஆகவே விடைகளுக்கு ஒரு வழி, குறிப்புகளுக்கு வேறு வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். லாகர் கருவியைப் பயன்படுத்தினால் இது எளிது. நேரமும் தரமும் தாமாகவே சேர்ந்துவிடும்.

அந்த விபத்தில் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இரு கருவிகளுள் முதலில் நின்றதன் தவறு விவரம் மட்டுமே தரைக்கு அனுப்பப்படும்படி அமைத்திருந்தார்கள். ராக்கெட்டை அப்போது வழிநடத்திக்கொண்டிருந்ததோ பின்னர் நின்ற கருவி. அதன் விவரம் சதுப்பு நிலத்திலிருந்து கருவியை எடுத்த பிறகே கிடைத்தது. குறிப்பு எழுதினால் மட்டும் போதாது. நிரலும் கணிப்பொறியும் அழிந்தாலும் குறிப்பு பிழைத்திருக்கும் இடத்தில் அதை வைக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் குறிப்புகளை உடனுக்குடன் வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பி வைப்பது இதற்காகவே.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியில் கணிப்பொறி ஆய்வகம் இருந்தால், பத்து மாணவர்களின் மதிப்பெண்களைக் கோப்பிலிருந்து படித்துச் சராசரி காணும் சிறு ஜாவா நிரலை எழுதுங்கள். ஜாவா தமிழ் எழுத்துகளை ஏற்கும். குறிப்புகளைத் தமிழிலேயே எழுதலாம். பிறகு கோப்பில் வேண்டுமென்றே தவறுகளைப் புகுத்துங்கள். ஓர் எண்ணை எழுத்தாக்குங்கள். ஒரு வரிசையை வெறுமையாக விடுங்கள். கோப்பின் பெயரையே மாற்றிவிடுங்கள். உங்கள் நிரலை அறியாத நண்பரிடம் குறிப்பேட்டை மட்டும் காட்டி, என்னென்ன தவறு என்று கேளுங்கள். அவர் சொல்லிவிட்டால் உங்கள் குறிப்பேடு நல்ல குறிப்பேடு.

இறுதியாக ஒரு புதிர். கோப்பில் ஒரு மாணவர் கூட இல்லை; மொத்தம் 0, எண்ணிக்கை 0. இரண்டையும் முழு எண்களாக வைத்து வகுத்தால் ஜாவா விதிவிலக்கை எறிகிறது. தசம எண்களாக வைத்து வகுத்தாலோ விதிவிலக்கு எழுவதே இல்லை. "எண் அன்று" என்னும் பொருளுடைய ஒரு விடையைத் தந்துவிட்டு நிரல் மேலே செல்கிறது. எறியாத விதிவிலக்கை எவராலும் பிடிக்க முடியாது. அப்படியானால் இந்தத் தவறு குறிப்பேட்டில் ஏற வேண்டுமானால், நிரலில் எந்த இடத்தில், என்ன வினாவை நீங்களே கேட்டு வைக்க வேண்டும்? யோசித்து, எழுதி, இயக்கிப் பாருங்கள்.